உன் இஷ்டம்

இருபத்தாறு வருடமாக
ரோஸ்வித்தா ப்ரூனரின் வாய் என் விரல்களில் இருக்கிறது.
மில்வாக்கி நீதிமன்றம், நான்காம் தளம்.
என் சுருக்கெழுத்து இயந்திரத்துக்கு இருபத்திரண்டு விசைகள்.
மெய்யும் பொய்யும் ஒரே வேகத்தில் அடிபடும்,
நிமிடத்துக்கு இருநூற்றிருபது சொல்.
அவள் மூச்சு வாங்கும் இடம்கூட எனக்குத் தெரியும்;
அதற்கு மட்டும் விசை இல்லை.

காகித ஆலைக்காக வாதாடினாள், பீப்பாய் மூடிக்காக,
இரண்டு வங்கிகள் கூடிப் பெற்று
இரண்டும் கைகழுவிய ஒரு கடனுக்காக
ஏழு வாரம்.
தேய்மானம் என்றால் என்னவென்று ஜூரிக்குச் சொல்ல
தன் மதிய உணவுப் பெட்டியின் துருப்பிடித்த கீலைக் காட்டினாள்.
ஆவணங்கள் தள்ளுவண்டியில் வரும்.
ஒரு சக்கரம் கீச்சிடும், எண்ணெய் போட விடமாட்டாள்:
"தூங்குகிறவர்கள் விழிக்கட்டும்."
மேசைக்கடியில் காலணியைக் கழற்றிவிடுவாள்.
எழும்போது, எந்தக் கோபத்திலும்,
முதலில் இடது கால் துழாவும்.

அவள் ஜெயித்துக் கொடுத்த கம்பெனிகளில் பாதி
இன்று இல்லை.
பெரியது விழுங்கியது; அதை, அதைவிடப் பெரியது.
பெயர்ப்பலகைகளை இறக்கிவிட்டார்கள்.
எழுத்துப்பிழையில்லாமல் அவை மிச்சமிருப்பது
என் பக்கங்களில்தான்.

பிப்ரவரியில் அந்த வால்வு வழக்கு.
குபியாக், ஹானிமன்.
முப்பத்தைந்து வருடக் கூட்டாளிகள்,
இப்போது பங்காளிகள்.
காப்புரிமையை விற்கட்டுமா என்று ஹானிமன் கேட்க,
இரவு பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் குபியாக்
மின்னஞ்சலில் எழுதிய பதில்:
உன் இஷ்டம்

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.
சம்மதமா அது?
முப்பத்தெட்டு மில்லியன் டாலர் அதன்மேல் நின்றது.
மணிக்கு அறுநூறு வாங்கும் மொழியியல் பேராசிரியர் சொன்னார்:
முதல் சொல்லில் அழுத்தம் விழுந்தால் கோபம்,
இரண்டாவதில் விழுந்தால் அனுமதி.
எழுத்தில் எங்கே விழுந்தது என்று நீதிபதி கேட்டார்.
பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

ப்ரூனர் ஹானிமன் பக்கம்.
ஒன்பதாம் நாள், குபியாக் கூண்டில்.
"இதில் 'வேண்டாம்' என்ற சொல் இருக்கிறதா?"
"இல்லை."
"'விற்காதே' என்று?"
"இல்லை."
"தட்டச்சு தெரியும் இல்லையா உங்களுக்கு?"
யாரோ சிரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.
உட்கார்வாள் என்று என் மணிக்கட்டு தளர்ந்தும்விட்டது.

"ஏன் எழுதவில்லை?"

ஏன்.
குறுக்கு விசாரணையில் அவள் அந்தச் சொல்லைத் தொட்டதே இல்லை.
உள்ளே யார் என்று தெரியாத கதவைத் தட்டாதே என்பது
அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

குபியாக் வாய் திறந்தார். மூடினார்.
ஹானிமனைப் பார்த்தார், அவளை அல்ல.
பதினோரு விநாடி. சுவர்க் கடிகாரத்தில் எண்ணினேன்,
வேறு வேலை இல்லை எனக்கு.

'சாட்சி பதிலளிக்கவில்லை எனப் பதிவாகட்டும்.'
நூறு முறை அவள் சொல்லி நான் அடித்த வாக்கியம்.
விரல்கள் தாமாகவே முதல் விசையின்மேல் போய் நின்றன.
அவள் சொல்லவில்லை.
"வேறு கேள்வி இல்லை" என்றாள்.

ஜூரி குபியாக்கை நம்பியது.
மேல்முறையீட்டுக்காக அவள் அலுவலக இளசுகள்
ஒன்பதாம் நாளைச் சலித்தார்கள்.
ஏன் எழுதவில்லை.
வேறு கேள்வி இல்லை.
இரண்டும் அடுத்தடுத்த வரிகள்.
நடுவில் ஏதோ விட்டுப்போனதா என்று
ஒருவன் போனில் கேட்டான்.
சொன்னதில் எதையும் நான் விடுவதில்லை என்றேன்.

மின்தூக்கியில் அவளிடமே கேட்டேன், தவறிப்போச்சா?
எரியும் எண்ணைப் பார்த்தபடி,
"தெரிந்துகொள்ளணும்போல இருந்தது" என்றாள்.
மூன்றாம் தளத்தில் யாரோ ஏறினார்கள்.
திங்கட்கிழமை அவளுக்குச் சர்க்கரைக்கிழங்கு ஒப்பந்தம்,
சக்கரத்தின் கீச்சு தாழ்வாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் டேல், கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிய கையோடு:
படகை விற்றுவிடட்டுமா, இந்த வசந்தத்தில்?

உன் இஷ்டம், என்றேன்.

அவன் கையுறையைக் கழற்றாமல் நின்றான்.
எண்ண ஆரம்பித்தேன்.